திருவல்லிக்கேணி வீட்டில் கூடத்து மச்சு ஒழுகுகிறது: இடிப்பதா, பிழைக்க வைப்பதா?

#1 கேணிவாசி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தசாரதி கோயில் குளத்தைச் சுற்றி இருக்கும் தெருக்களில் ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு. முகப்பு பதினெட்டு அடிதான். உள்ளே நூற்றுப் பத்து அடி ஓடுகிறது. திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றம், கூடம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை. முன்பக்கம் மட்டும் ஒரு மாடி அறை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களோடு பொதுச்சுவர்.

போன நவம்பர் மழையில் கூடத்து மச்சிலிருந்து ஒரு முழ அகலத்துக்குச் செங்கல் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அத்தை அப்போது அடுக்களையில் இருந்தார். அவருக்கு 82 வயது. பிறந்ததே இந்த வீட்டில்தான், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அப்பா போய்விட்டார். சின்னத்தை பெங்களூரில். ஆக மூன்று பங்கு.

ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தார். “ஆயுள் முடிந்துவிட்டது சார், இடித்துவிடுங்கள்” என்றார். கட்டுமானக்காரர் ஒருவரும் ஆளுக்கு ஒரு ஃபிளாட், கையில் கொஞ்சம் பணம் என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். பெரியத்தை பேசவே மாட்டேன் என்கிறார். சின்னத்தைக்கு விற்றால் போதும். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது.

என் கேள்வி இரண்டு. இந்த மாதிரி கூரையைப் பழுது பார்க்க முடியுமா? இந்த வீட்டுக்கு என்ன வயது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்கட்டு ஓட்டில் 1865 என்று இருக்கிறது. அதுதான் வருடமா?


#2 கொத்தன் பேரன்

அண்ணா, முதலில் கூடத்துக்கு முட்டுக் கொடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சவுக்குக் கம்பு நாலு, மேலே ஒரு பலகை, அடியில் ஒரு பலகை. நாளைக்கே செய்யலாம். அத்தையைப் படுக்கையோடு பின்கட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் சொல்வது மெட்ராஸ் டெரஸ். எங்கள் தாத்தா காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூரிலும் கேணியிலும் இந்தத் தளம் போட்டவர். அவரோடு கூட நின்று பார்த்திருக்கிறேன். அதனால் எப்படிப் போடுவார்கள் என்று சொல்கிறேன், எங்கே கெட்டுப்போகும் என்று உங்களுக்கே புரியும்.

சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். உத்தரத்தின் மேல் ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒரு கட்டை. அந்தக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல். ஆறு அங்குலம் நீளம், ஒரு அங்குலம்தான் கனம். படுக்கவைத்துப் பரப்ப மாட்டார்கள். பக்கவாட்டில் நிறுத்தி, மூலைக்கு மூலை சாய்வாக, சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே சாரமே கிடையாது. ஒரு வரிசை பிடித்து நின்ற பிறகுதான் அடுத்த வரிசை அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சின்னக் கல் வரிசைதான் கூரை. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நாலு அங்குலத்துக்குக் கொட்டி, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்குவார்கள். நாள் கணக்கில் அடிக்க வேண்டும். கட்டை பட்டுத் திரும்பித் துள்ளுகிற வரைக்கும் என்பது தாத்தா கணக்கு. அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதிப்பார்கள்.

இப்போது எங்கே கெடும்? நடுவில் அல்ல. கட்டை சுவருக்குள் போகிற முனையில். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு விரிசல், அதில் ஒரு அரசங்கன்று, அது வழியாகத் தண்ணீர். முனை உளுத்தால் கட்டை ஒரு அரை அங்குலம் இறங்கும், மேலே நிற்கிற சின்னக் கல் பிடிப்பு விட்டு விழும். கீழிருந்து பார்க்கிறவருக்குக் கூரையே போய்விட்ட மாதிரி இருக்கும். உண்மையில் போயிருப்பது ஆறு அங்குல மரமாக இருக்கலாம்.

மொட்டை மாடி ஓரத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.


#3 கேணிவாசி

முட்டுக் கொடுத்தாயிற்று தம்பி. மிக்க நன்றி. அத்தை இரண்டாம் கட்டுக்கு மாறிவிட்டார், வாயைத் திறக்காமல்.

மாடியைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோலக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று இருக்கிறது. தட்டோட்டுக்கு மேல் சிமெண்ட் பூச்சு, அதற்கு மேல் இன்னொரு தட்டோடு வரிசை, அதற்கும் மேல் வெள்ளையாக ஏதோ அடித்திருக்கிறது. அப்பா காலத்தில் இரண்டு முறை, என் காலத்தில் ஒரு முறை வேலை செய்தோம். வெள்ளை அடித்தது நான்தான்.


#4 முற்றத்துக்காரி

கட்டடக்கலை படித்து, பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கொத்தன் பேரன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் சேர்ப்பது இதுதான்: உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது வயோதிகம் இல்லை சார். நாம் செய்த வைத்தியம்தான் இவ்வளவுக்கும் காரணம்.

ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் பழையதை எடுக்காமல் மேலே இன்னொரு அடுக்குப் போடுகிறோம். அடுக்குக்கு அடுக்கு எடை ஏறுகிறது. கட்டை தாங்க வேண்டிய பாரம் போட்டபோது இருந்ததைவிட எவ்வளவோ கூடிவிடுகிறது. அப்புறம் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவரும் சுண்ணாம்புத் தளமும் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் வாங்குகிற வழி ஏதோ ஒரு விரிசலில் திறந்தே இருக்கும், கொடுக்கிற வழி அடைபட்டுவிடும். உள்ளே சிக்கிய ஈரம் மரத்தைத் தேடிப் போகும்.

கீழ்ச் சுவரிலும் இதே கதைதான் இருக்கும், பாருங்கள். தரையிலிருந்து மூன்று, நாலு அடிக்கு ஓதம் (மண்ணின் ஈரம்) ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து உதிர்கிறதா? அந்த உயரத்துக்கு எப்போதோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். ஓதம் அதைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு இரண்டு கோடை சுவரைச் சும்மா விட்டாலே பாதி வியாதி போய்விடும்.

1865 பற்றி: அது ஓடு சுட்ட வருடம் இல்லை. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபைக்காரர்கள் ஓட்டு ஆலை தொடங்கிய வருடம். பின்னால் வந்த ஓடுகளிலும் அந்த எண்ணை முத்திரையாகவே போட்டார்கள். அதை வைத்து “நூற்று அறுபது வருட வீடு” என்று சொல்லிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1865க்கு முன்னால் அந்தப் பின்கட்டுக்கு இந்த ஓடு வந்திருக்க முடியாது என்று மட்டும்தான் அது சொல்கிறது.


#5 லஸ் முனை

வயது கேட்டதால் நான் உள்ளே வருகிறேன். எனக்கு இது தீராத ஆசை.

சென்னையில் “பழைய வீடு” என்றாலே ஒரே மாதிரி நினைக்கிறோம். தெருவுக்குத் தெரு அதன் பிறப்பு வேறு. கேணி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு முந்தைய ஊர். பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் கல்வெட்டு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த ஊர் வந்தது 1676இல், கோல்கொண்டாவிடம் குத்தகையாக. அதனால் தெருக்களின் வரைபடம் கோயிலும் குளமும் போட்டது. உங்கள் வீடு பதினெட்டடி அகலம், நூற்றுப் பத்தடி நீளம் என்பதும் அந்த வரைபடம் கொடுத்த அளவுதான். சாமி போகும் தெருவில் எல்லோருக்கும் ஒரு வாசல் வேண்டும், அதனால் முகப்பைக் குறுக்கிக்கொண்டு பின்னால் நீண்டார்கள். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடமே இல்லை. வெளிச்சமும் காற்றும் மேலிருந்துதான் வர வேண்டும். முற்றம் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குள் மூச்சு விட முடியாது. முற்றத்தைத் தகரம் போட்டு மூடிய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், பகலிலேயே குகை.

கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு உலகம். 1768இல் சேப்பாக்கம் அரண்மனை முடிந்து ஆற்காட்டு நவாப் வாலாஜா குடிவந்த பிறகு, அவரைச் சுற்றி வந்தவர்களின் வீடுகள் எழுந்தன. 1795இல் பெரிய மசூதி. அந்தப் பக்கத்து வீடுகளில் தெருவைப் பார்த்த திண்ணையைவிட உள்ளே இருக்கும் பெண்கள் பகுதிக்குத்தான் அகலமும் அலங்காரமும்.

வெள்ளைக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்து கட்டிய தோட்ட வீடுகள் தனி இனம். ஏக்கர் கணக்கில் தோட்டம், நடுவில் தூண் வைத்த வெள்ளை வீடு. அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பிராடி காசில்தான் இன்று இசைக் கல்லூரி. தூணும் சுவரும் சலவைக்கல் என்று வந்தவர்கள் ஏமாந்தது மெட்ராஸ் சுண்ணாம்பால். கிளிஞ்சல் சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பூச்சு. தொட்டால் குளிரும்.

அப்புறம் மயிலாப்பூர் லஸ் பக்கம். வக்கீல்கள் சம்பாதித்துக் கட்டிய பெரிய வீடுகள். முன்னால் வண்டி நிற்கும் முகப்பு, உள்ளே பழையபடி கூடமும் பூஜை அறையும். ஆந்திரத் தலைவர்கள் 1937 நவம்பரில் கையெழுத்திட்ட ஸ்ரீபாக் ஒப்பந்தத்துக்குப் பெயர் வந்ததே அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ் பந்துலுவின் மயிலாப்பூர் வீட்டால்தான். ஒரு வீட்டின் பெயர் ஒரு மாநில வரலாற்றில் நின்றுவிட்டது.

உங்கள் வயதுக் கணக்குக்கு வருகிறேன். தாய்ப் பத்திரம் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருங்கள். கதவு எண் மாறியிருக்கும், பழைய எண் புதிய எண் இரண்டையும் வைத்துத் தேடுங்கள். முன்மாடி அறையில் இரும்பு உத்தரம் இருக்கிறதா? இருந்தால் அதன் பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், எழுத்து இருக்கும்.


#6 மாம்பலம் 46

எல்லோரும் இடிக்காதே என்று சொல்வீர்கள். இடித்தவன் ஒருவன் பேசட்டும்.

தியாகராய நகரில் எங்கள் தாத்தா 1946இல் கட்டிய வீடு. அந்தப் பேட்டையே ஏரி மேல் எழுந்தது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் நெடிய ஏரியைத் தூர்த்து மனை பிரித்தார்கள். பனகல் பூங்கா, நாயர் சாலை, உஸ்மான் சாலை என்று பெயர்களைப் படித்தாலே அந்தக் காலத்து அரசியல் வந்துவிடும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்னும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. இங்கே மனை சதுரம். நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டியதால் முற்றம் தேவைப்படவில்லை. திண்ணை போய் வராந்தா வந்தது.

எங்கள் வீட்டில் வளைந்த பால்கனி, கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல், முகப்பில் மூன்று கோடுகள், உச்சியில் உதயசூரியன் நடுவில் ஓம், அதற்குக் கீழே 1946. ஆர்ட் டெகோ என்று அதற்குப் பெயர் என்பதே வீடு போய்ப் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கான்கிரீட் கூரை. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் தேக்கு வரத்து நின்றுபோனது, சிமெண்டும் அப்போது சுலபமாகக் கிடைக்காது. கம்பியும் சிமெண்டும் வாங்க தாத்தா எத்தனை பேரைப் பார்த்தார் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார்.

அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். 2004இல் கொடுத்துவிட்டோம். எட்டு ஃபிளாட் வந்தது. சித்தப்பாவின் இதய அறுவைச் சிகிச்சை அந்தப் பணத்தில்தான் நடந்தது. இரண்டு அத்தைகளுக்குச் சொந்தக் கூரை கிடைத்தது. 1956இல் பெண்களுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்திராவிட்டால் அவர்கள் பெயர் கணக்கிலேயே வந்திருக்காது. அதனால் விற்றவர்களைத் துரோகி மாதிரிப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கிறது. வீட்டை அளந்து ஒரு வரைபடம்கூடப் போட்டு வைக்கவில்லை. ஜன்னல் எத்தனை அடி உயரம் என்று என் மகள் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. கேணிவாசி, எந்த முடிவு எடுத்தாலும் முதலில் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். எல்லா அறையையும் படம் எடுங்கள். காலியாக அல்ல, அத்தை நடமாடிக்கொண்டிருக்கும்போது.


#7 முற்றத்துக்காரி

மாம்பலம் 46, விற்றதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பல பேர் விற்றது வேறு வழி இல்லாமல்தான். 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பழைய வாடகை அப்படியே உறைந்துபோய், ஒரு தட்டோடு மாற்றக்கூட வாடகை பற்றாத வீடுகள் ஜார்ஜ் டவுனிலும் கேணியிலும் எத்தனையோ. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் கொண்டுவந்த சட்டம் 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வீடுகள் உளுத்துவிட்டன. இன்னொரு பக்கம், கேணியில் எத்தனை வீடு அறை அறையாகத் தடுத்து மேன்ஷனாகிப் பிழைத்தது என்பதும் உண்மை. ஒழுங்காகச் செய்தால் வாடகை ஒரு வீட்டைக் காப்பாற்றவும் செய்யும்.

சட்டப் பாதுகாப்பை நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் மவுண்ட் ரோட்டில் 1897ஆம் வருடத்துப் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கி, நீதிமன்றம் தடுத்தது. 2010 தீர்ப்பில் 467 கட்டடங்கள் கொண்ட பட்டியல் வந்தது. 2012இல் மரபுச் சின்னங்களுக்கென்று ஆணையச் சட்டம் நிறைவேறியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பதினெட்டடி முகப்புள்ள தெரு வீடு இதிலெல்லாம் வருவது அபூர்வம். பாரதியார் கடைசி நாட்களில் இருந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டை அரசு வாங்கி 1993இல் நினைவில்லமாக்கியது. அவர் குடியிருந்ததால் அது நிற்கிறது. அதே அளவு, அதே அமைப்பு உள்ள மற்ற வீடுகளுக்கு அவரவர் குடும்பம்தான் பாரதியார்.


#8 சித்தாள் மகள்

இந்தப் பேச்சில் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. கோபமாக எழுதவில்லை, சேர்க்கத்தான் எழுதுகிறேன்.

கொத்தன் பேரன் தளம் அடிப்பதைப் பற்றிச் சொன்னார். அடித்தவர்கள் பெண்கள். எங்கள் பாட்டி செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூரில் தளம் அடித்தவர். வரிசையாக உட்கார்ந்து, வெயிலில், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். சுண்ணாம்பில் கை வெந்துபோகும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்குவார். நூறு வருடம் ஒழுகாத கூரை என்று நாம் சொல்வது அவர் கையைத்தான்.

கேணிவாசி சார், உங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து இருக்கும், இல்லையா? அதை எதற்கு விட்டார்கள் என்று யாராவது சொன்னார்களா? பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் எடுப்புக் கக்கூஸ்தான். மலத்தைக் கையால் அள்ளிச் சுமந்தவர்கள் வந்துபோன வழி அது. அவர்கள் அந்த வீட்டுக்கு தினமும் வந்தார்கள், ஆனால் திண்ணையையோ முற்றத்தையோ ஒரு நாளும் பார்த்ததில்லை. சட்டம் போட்டு இதைத் தடை செய்ததே 1993இல்தான்.

வீட்டை அளந்து படம் போடுங்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனை. அந்தச் சந்தையும் அளந்து போடுங்கள்.


#9 கேணிவாசி

சித்தாள் மகள், சந்து இருக்கிறது. மூன்றடி அகலம். இப்போது குப்பையும் பழைய தொட்டியும் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகாதே என்பார்கள், ஏன் என்று கேட்டதில்லை. நேற்று அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், காலையில் வருகிற அம்மாளுக்குக் கொல்லைச் சுவர் மேல் சாப்பாடு வைப்பார்கள் என்றும், அந்த அம்மாள் பெயர் என்ன என்று தன் அம்மாவிடம் தான் கேட்டபோது அடி விழுந்தது என்றும் சொன்னார். அவரே மறந்திருந்த விஷயமாம். சந்தும் வரைபடத்தில் வரும்.

பத்திரமும் கிடைத்தது. தாத்தா இந்த வீட்டை வாங்கியது 1942 ஜூலையில்.


#10 லஸ் முனை

1942 ஜூலையா! அந்த மாதத்திலேயே கதை இருக்கிறது. அந்த ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானது. அரசு அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றினார்கள். ரயிலில் இடம் கிடைக்காமல் மாட்டு வண்டியில் போனவர்கள் உண்டு. வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனவர்களும் உண்டு. உங்கள் தாத்தா எதிர்த் திசையில் வந்திருக்கிறார். பத்திரத்தில் வீட்டை எப்படி விவரித்திருக்கிறார்கள்? அந்த வரிகள்தான் முக்கியம்.


#11 கேணிவாசி

“மச்சு வீடும், கிணறும், கொல்லைச் சந்து வழி நடைபாத்தியமும், தென்வடல் பொதுச்சுவர் பாத்தியங்களும்” என்று இருக்கிறது. முந்தைய கிரயம் 1911 என்றும் ஒரு வரி. அதற்கு முன் எழுத்தில் ஒன்றும் இல்லை. முன்மாடி அறையில் இரும்பு உத்தரம் இரண்டு. துடைத்துப் பார்த்தோம், டார்மன் லாங், இங்கிலாந்து என்று எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. அத்தை 1943இல் பிறந்தவர். வாங்கின மறு வருடம். “ஊர் திரும்பி வருவதற்கு முன்னாலேயே நான் வந்துவிட்டேன்” என்கிறார்.


#12 முற்றத்துக்காரி

அப்படியானால் வீட்டை இப்படிப் படிக்கலாம். கூடம், ரேழி, முற்றம் முதலில், தேக்குக் கட்டையில். 1911க்கு முன்பே மச்சு இருந்திருக்க நல்ல வாய்ப்பு. முன்மாடி அறை பின்னால் ஏறியது. அந்த ஆங்கில இரும்பு இங்கே வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்துதான். மாடி அறைச் சுவரும் கீழ்ச் சுவரும் சேருகிற இடத்தில் பூச்சைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், செங்கல் அளவு மாறும்.

பொதுச்சுவர் பாத்தியம் (உரிமை) என்ற வரியைக் கட்டுமானக்காரரிடம் காட்டிவிட்டீர்களா? இது பெரிய விஷயம். உங்கள் கட்டை முனையும் பக்கத்து வீட்டுக் கட்டை முனையும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. உங்களுடையதை இடித்தால் அவர்கள் சுவர் பூச்சே இல்லாமல் மழைக்குத் திறந்துவிடும்.


#13 புதுவைக்காரி

பொதுச்சுவர் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கத்து வீட்டை இடித்தபோது இதுதான் நடந்தது. இடித்தவர்கள் எங்கள் சுவரை மூடித் தருகிறோம் என்றார்கள், தரவில்லை. இரண்டே மழைக்காலம், எங்கள் கூடத்தில் ஓதம்.

புதுச்சேரித் தமிழர் பகுதியில் வீட்டுக்கு முன்னால் தெரு மேலேயே மரக்கால் நட்டு ஓட்டுத் தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கலாம். வீட்டுக்கு வீடு அது தொடர்ந்தால்தான் அழகும் பயனும். நடுவில் ஒன்று போனால் பல் விழுந்த மாதிரி. வைசியாள் வீதியில் ஒரு வரிசை முழுக்கச் சேர்ந்து சீர்செய்தபோதுதான் அது தெரிந்தது. 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. தனி வீடாகப் பார்க்காமல் தெருவாகப் பார்த்ததால் நடந்தது. கேணிவாசி அண்ணா, பக்கத்து இரண்டு வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் மச்சும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.


#14 கொத்தன் பேரன்

அண்ணா, போன ஞாயிறு வந்து பார்த்ததை எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன். நீங்கள் அனுமதி கொடுத்ததால்.

கூடத்தில் கட்டை மொத்தம் 19. முனை போனது 5. ஐந்தும் கைப்பிடிச் சுவர் பக்கம்தான். ஒன்று மட்டும் ஒன்றரை அடி உள்ளே வரைக்கும் கரையான். மற்ற நாலும் சுவருக்குள் இருக்கிற அளவோடு சரி. உத்தரம் இரண்டும் ஆணி இறங்காத அளவுக்குக் கெட்டி. மேலே கொத்திப் பார்த்ததில் தளத்தின் கனம் பதினோரு அங்குலம். இருக்க வேண்டியது ஆறு. அந்த ஐந்து அங்குலம் எல்லாம் பின்னால் போட்டது.

செய்ய வேண்டியது: மேல் அடுக்குகளை மொத்தமாக இறக்க வேண்டும். யந்திரம் கூடாது, அதிர்ச்சியில் மீதிச் செங்கல் உதிரும். கைஉளிதான். ஐந்து கட்டைக்கும் பக்கத்தில் புதுக் கட்டை ஜோடி சேர்த்து, சுவருக்குள் போகிற முனையைக் காற்றுப் படுகிற மாதிரி விட்டு உட்கார வைக்கலாம். விழுந்த இடத்தில் சின்னக் கல் வரிசை மறுபடி கட்ட வேண்டும். கல் தனியாகச் சுட்டு வாங்க வேண்டும், இடித்த வீட்டுக் கல் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு கோடை எடுக்கும். ஒரே மூச்சில் முடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அரசங்கன்றை வெட்டாதீர்கள். வெட்டினால் வேர் உள்ளே தடிக்கும். சுவரைப் பிரித்துத்தான் வேரோடு எடுக்க வேண்டும்.


#15 மாம்பலம் 46

செலவு? அதைச் சொல்லாமல் சின்னத்தை எப்படி ஒத்துக்கொள்வார்? அவர் கேட்பதில் தப்பில்லை.


#16 கேணிவாசி

அதைத்தான் மூன்று வாரமாகப் பேசினோம். எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

சின்னத்தை நேரில் வந்தார். கட்டைகளைக் காட்டினோம். நல்ல கட்டையைத் தட்டினால் வருகிற சத்தத்தையும் உளுத்ததைத் தட்டினால் வருகிற சத்தத்தையும் தம்பி தட்டிக் காட்டினார். சின்னத்தை தானே ஒரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம். முன்மாடி அறையையும் ரேழியை ஒட்டிய அறையையும் வாடகைக்கு விட்டு, அந்தப் பணம் முழுக்க ஐந்து வருடம் சின்னத்தைக்கு. பழுதுச் செலவில் பாதி நான், பாதி பெரியத்தையின் சேமிப்பு. ஐந்து வருடம் கழித்து மறுபடி பேசுவோம், அப்போது விற்பதென்றால் விற்கலாம். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. நிரந்தர முடிவு இல்லை. இப்போதைக்கு யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்த மனத்தாங்கல் இல்லாமல் எழுந்தோம்.

வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடி அரசங்கன்றையும் சேர்த்து எடுக்கச் சம்மதித்துவிட்டார். தெற்குப் பக்கத்தவர் யோசிக்கிறேன் என்கிறார்.

கொல்லைச் சந்தைச் சுத்தம் செய்தோம். தரை முழுக்கக் கருங்கல் பாவியிருக்கிறது, தேய்ந்து வழவழவென்று நடுவில் பள்ளமாக. அளந்து வரைபடத்தில் போட்டிருக்கிறேன். நாளை இங்கே ஏற்றுகிறேன்.

தம்பி, கிளிஞ்சல் சுண்ணாம்பு பழவேற்காடு பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னீர்களே, எத்தனை மூட்டை சொல்லட்டும்? நீற்றுவதற்குக் கொல்லையில் குழி எங்கே வெட்டலாம்?


#17 கொத்தன் பேரன்

முதலில் பத்து மூட்டை போதும் அண்ணா. குழி கிணற்றிலிருந்து தள்ளி, கிழக்கு ஓரமாக. அத்தை நடக்கிற வழியில் வேண்டாம், மேலே கட்டாயம் பலகை மூட வேண்டும். சுண்ணாம்பு ஒரு மாதமாவது ஊறட்டும். கடுக்காயை இன்றைக்கே வாங்கி உடைத்து வெல்லத்தோடு ஊறப்போடுங்கள், பத்துப் பதினைந்து நாளில் புளித்து வாடை வரும், பயப்பட வேண்டாம்.

சித்தாள் மகள் அக்கா, தளம் அடிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் யாராவது இருக்கிறார்களா? எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. கூலி நல்லபடியாகப் பேசிக்கொள்ளலாம், கைக்கு உறை நான் வாங்கித் தருகிறேன்.


#18 சித்தாள் மகள்

என் பெரியம்மா இருக்கிறார். அடிக்க முடியாது, முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றார். முன்வாசல் வழியாகக் கூட்டிவருகிறேன்.